மணி அடிக்காத நடை

நான் குதிரை வாங்கியதைக் கேள்விப்படுகிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் என் வயிற்றைப் பார்ப்பார்கள். அப்புறம் மறுபடி சிரிப்பார்கள். எனக்கு ஐம்பத்தொரு வயது. பெயர் ஜெயபாண்டி. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் மேனேஜர். முதுகெலும்பில் ஒரு டிஸ்க் தன் இடத்தை விட்டுக் கிளம்பி, எங்கே போவதென்று தெரியாமல் நான்கு வருடமாகப் பாதியில் நிற்கிறது. இப்படிப்பட்டவனுக்குக் குதிரை எதற்கு என்பது நியாயமான கேள்வி. வாங்குவதற்கு முன்னால் அதை ஒருவரும் கேட்கவில்லை என்பதுதான் என் தரப்பு.

திருப்பரங்குன்றத்தில் சின்னான் என்று ஒரு நண்பன். கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடுகிறவன். போன ஆடியில் அந்தியூர்க் குதிரைச் சந்தைக்குப் போகும்போது பேச்சுத்துணைக்கு என்னையும் இழுத்துப்போனான். அங்கே ஒரு வடக்கத்திக்காரர், சாம்பல் நிறப் பெண்குதிரை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதன் காதுகள் உள்பக்கமாக வளைந்து, நுனியும் நுனியும் தொட்டுக்கொண்டிருந்தன. மார்வாரிக் குதிரை என்றார். பெயர் பிஜிலி. எனக்குத் தெரிந்த பிஜிலி தீபாவளிக்கு வெடிப்பது. இது வெடிக்கிற ஜாதியாகத் தெரியவில்லை. தொட்டால் தலையைக் குனிந்து, என் சட்டைப்பையில் மூக்கை நுழைத்துப் பார்த்தது.

"ஏறுங்க சார்" என்றார் வடக்கத்திக்காரர். நான்கு பேர் சேர்ந்து ஏற்றினார்கள். ஏற்றியதும் என் கையில் ஒரு டீயைக் கொடுத்தார். விளிம்பு வரை டீ. மைதானத்தின் அந்தக் கோடி வரை போய்த் திரும்பினேன். டீ என் கட்டைவிரலைக்கூட நனைக்கவில்லை. என் முதுகிலிருந்து ஒரு புகாரும் வரவில்லை. வைகைக் கரையில் ஸ்கூட்டர் ஓட்டுகிறவன் நான். ஒரு வேகத்தடைக்கு ஒரு முருகா என்று கணக்கு. இங்கே நாற்காலியில் உட்கார்ந்திருக்க, நாற்காலியை யாரோ கம்பளத்தில் வைத்து இழுத்ததுபோல இருந்தது.

அவர் விளக்கினார். மற்றக் குதிரைகள் ஓடும்போது இரண்டு இரண்டு காலாகத் தூக்கிப்போடும், மேலே இருப்பவனும் சேர்ந்து குதிப்பான். இது ஒவ்வொரு காலாக, ஒன்றன்பின் ஒன்றாக வைக்கும். எந்த நேரமும் ஏதாவது ஒரு கால் மண்ணில் இருக்கும். அதனால் முதுகு ஆடாது. ரேவால் நடை என்று பெயராம். யாரும் பழக்குவதில்லை. தாய்க்கு இருந்தால் குட்டிக்கு வரும். பாலைவனத்தில் பகல் முழுக்கக் குதிரைமேல் இருந்த வீரர்கள் சாயங்காலம் இறங்கி, நேரே நின்று சாப்பிட்டதெல்லாம் இந்த நடையால்தானாம். எனக்கு லாட்ஜில் சாயங்காலம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே ரூம்பாய் வர வேண்டும். அந்த இடத்திலேயே விழுந்துவிட்டேன், மனதளவில்.

பிறகு செய்ததுதான் தப்பு. எங்கள் ஆட்கள் மாடு, குதிரை எதை வாங்கினாலும் முதலில் சுழி பார்ப்பார்கள். மயிர் எந்த இடத்தில் சுழித்திருக்கிறது என்பதை வைத்து, வாங்குகிறவன் வாழ்வானா, தாழ்வானா என்று சொல்லிவிடுவார்கள். நான் மதுரையில் பிறந்து மதுரையில் வளர்ந்தவன். எனக்கு மின்விசிறி சுற்றுவது தெரியும், சுழி தெரியாது. ஆனால் சுற்றி நிற்கிறவர்கள் பார்க்கிறார்களே. பேரையூர்ப் பக்கம் பெண் எடுத்தவன், வம்சமாக விவசாயக் குடும்பம், சுழி தெரியாது என்று எப்படிச் சொல்வது? சேணத்தை இறக்கச் சொல்லி முதுகைத் தடவினேன். முதுகுத்தண்டின் இரண்டு பக்கமும் நேருக்கு நேராக இரண்டு சுழிகள், கோலம் போட்டதுபோல. "ரெட்டையா, அளவெடுத்த மாதிரில்ல இருக்கு. இது போதும்" என்று தலையாட்டினேன். கூட்டம் அமைதியாகிவிட்டது. வடக்கத்திக்காரர் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மரியாதை என்று நினைத்தேன்.

டெம்போவில் ஏற்றி, நேரே பேரையூர் தாண்டி மாமனார் ஊருக்குக் கொண்டுபோனேன். அந்தப் பக்கத்தில் சுழி பார்ப்பதில் அவர்தான் நீதிமன்றம். பெயர் உக்கிரபாண்டி, வயது எழுபத்தாறு. குதிரையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். காதைப் பார்த்தார், குளம்பைத் தூக்கிப் பார்த்தார், முகம் மலர்ந்தது. முதுகுத் துணியைத் தூக்கினார். இரண்டு எட்டுப் பின்னால் போனார்.

"மாப்ள, இதப் பாத்தா வாங்குனீக?"

"பாத்துத்தான் மாமா."

"இது பாடைச்சுழி. பாடைக்கு ரெண்டு பக்கமும் கம்பு கட்டுவாகள்ல, அந்தக் கணக்கு. இதுல ஏறுனவன் அதுல ஏறுவான்."

மாமியார் அன்னக்கொடி உள்ளேயிருந்து ஓடிவந்தார். "ஏறுறதுக்கு முன்னாடி எம் மக கழுத்த ஒரு நிமிசம் நெனச்சிருக்கக் கூடாதா?"

அங்கே வந்திருந்த என் மனைவி தமிழ்ச்செல்வி மட்டும் பதறவில்லை. "ஒரு போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பியிருந்தா முடிஞ்சிருக்கும். இவருக்குத் தெரியாதுன்னு சொல்ல வாய் வராது. என்னப் பொண்ணு பாக்க வந்தப்பவும் இப்படித்தான் எல்லாம் தெரிஞ்ச மாதிரி தலையாட்டுனாரு."

தொழுவத்துக்குள் விடவில்லை. பிஜிலி அதே டெம்போவில் திருப்பரங்குன்றம் வந்து, சின்னான் கொட்டகையில் நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் போய், அதன்மேல் மலையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவேன். வேறு உடற்பயிற்சி இல்லை. அதுகூட குதிரைக்குத்தான்.

ஐப்பசியில் மாமனார் டிராக்டர் டிரெய்லரிலிருந்து விழுந்தார். முதுகில் ஆபரேஷன், இரண்டு கம்பி, ஆறு திருகாணி. நடப்பார், ஆனால் இடது கால் தரையைப் பெருக்கிக்கொண்டு பின்னால் வரும். வீட்டில் எல்லோரும் பிழைத்ததே பெரிது என்று இருக்க, அவர் மட்டும் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாசி வருகிறது. பெட்டி எடுக்க வேண்டும். 

பெட்டி என்பது அவர்கள் குலசாமியின் பெட்டி. உள்ளே சாமியின் நகை, பட்டு, ஒரு வெண்கல மணி. வருடம் முழுக்க மாமனார் வீட்டில் இருக்கும். சிவராத்திரி அன்று ஏழு கிலோமீட்டர் தள்ளி, ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கோயிலுக்குப் போகும். மூன்றாம் நாள் திரும்பும். அதற்குச் சட்டங்கள் உண்டு. தரையில் வைக்கக்கூடாது. சக்கரம் வைத்த எதிலும் ஏற்றக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, கோயில் போய்ச் சேரும்வரை உள்ளே இருக்கும் மணி சத்தம் போடக்கூடாது. போட்டால் சாமி பாதி வழியில் விழித்துக்கொண்டார் என்று அர்த்தம். தூக்கியவனைச் சாமிக்குப் பிடிக்கவில்லை என்றும் அர்த்தம். அந்த இடத்திலேயே பெட்டி பங்காளி கைக்கு மாறும், பெட்டியோடு உரிமையும் மாறும். மணிக்குள் துணியைத் திணித்துவிடலாமே என்று கல்யாணமான புதிதில் ஒரு யோசனை சொன்னேன். அதற்கப்புறம் இரண்டு வருடம் என்னிடம் யாரும் யோசனை கேட்கவில்லை.

முப்பத்தெட்டு வருடம் மாமனார் பெட்டி தூக்கியிருக்கிறார். ஒருமுறை மணி அடித்ததில்லை. அதற்கென்று ஒரு நடை வைத்திருந்தார். முழங்காலை லேசாக மடக்கி, இடுப்பு ஏறாமல் இறங்காமல், தண்ணீரில் தெப்பம் போவதுபோலப் போவார். அந்த நடையைப் பார்க்கவே வெளியூரிலிருந்து ஆள் வரும். ஆண் பிள்ளை இல்லாத மனிதருக்கு ஊரில் இருந்த இடம் அந்த நடைதான். இப்போது அது போய்விட்டது. ஆணியடித்த முதுகும் பெருக்கும் காலுமாகப் பத்தடி போனால் மணி அடித்துவிடும்.

அடுத்த பங்காளி பேயாண்டி, மாமனாரின் சித்தப்பா மகன், ஐம்பத்தெட்டு வயது. பொங்கலுக்கு வந்து, வாசலில் நின்றபடியே விசாரித்தார்.

"அண்ணே, ஒடம்ப அலட்டிக்கிறாதீக. இந்த வருசம் நான் எடுத்துக்கிறேன்."

"எடுத்துட்டு எங்க வைப்ப?"

"எங்க வீட்டுலதான். அதானண்ணே மொற?"

"அப்பச் சரி. நான் செத்த பெறகு வா. டீ குடிச்சிட்டுப் போ."

பேயாண்டி டீ குடித்துவிட்டுப் போனார்.

தை மாதக் கடைசியில் லாட்ஜுக்குப் போன் வந்தது. மாமனார் லாட்ஜுக்குப் போன் செய்வது வழக்கமில்லை.

"மாப்ள, அந்தக் கழுத இருக்கா?"

"குதிர மாமா."

"ஏதோ ஒண்ணு. டீ சிந்தலன்னு சொன்னீகளே, மெய்யாவா? இல்ல, சுழி பாத்த மாதிரியா?"

நான் சத்தியம் செய்தேன்.

"அதுக்குச் சக்கரம் இல்லைல?"

"இல்ல மாமா. ஆனா அந்தச் சுழி..."

"எழுவத்தாறு வயசாச்சு. முதுகுல ஆறு ஆணி. பாடைச்சுழி எனக்குப் புதுசா என்னத்தச் சொல்லிரும்? ஏத்தி அனுப்புங்க."

பூசாரி காளையிடம் போய்க் கேட்டோம். அவர் அரைநாள் யோசித்தார். பெட்டியைத் தூக்குகிறவன் பங்காளியாக இருக்க வேண்டும், மிதிக்கிற கால் வெறுங்காலாக இருக்க வேண்டும் என்பதுதான் சட்டம். எத்தனை கால் என்று சட்டத்தில் இல்லை. அதனால் குதிரை போகலாம், லாடத்தைக் கழற்றிவிட வேண்டும் என்றார். சின்னான் வந்து கழற்றினான். எட்டு நாள் விரதம், மாமனாருக்குக் காப்பு, குதிரையின் முன்னங்காலில் ஒரு காப்பு, கயிறு பிடித்து நடக்கப்போகிற எனக்கும் ஒரு காப்பு. குதிரை பிறவியிலேயே சைவம், அதற்குக் கஷ்டமில்லை. நான் ஆரப்பாளையத்தில், கொத்துப் பரோட்டாச் சத்தத்துக்கு நடுவே எட்டு நாள் தயிர்சாதம் தின்றேன். சாமிக்கு என்னைத் தெரியாது என்றாலும் இதைக் குறித்துக்கொண்டிருப்பார்.

சிவராத்திரி அன்று மூன்று மணிக்குக் கிளம்பினோம். மாமனார் டிரெய்லர்மேல் நின்று, அங்கிருந்து நோகாமல் குதிரைமேல் மாறினார். மகள் கழுத்தைப் பற்றிக் கவலைப்பட்ட அதே மாமியார், பெட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு, குதிரையின் நெற்றியில் திருநீறு பூசினார். அதன் காதோடு ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, "ஒன்னயவிட அவருக்கு வயசு கூட, பாத்துப் போன்னேன்" என்றார்.

முன்னால் காளை, பின்னால் நூறு நூற்றைம்பது பேர். பேயாண்டி குதிரைக்குப் பக்கத்திலேயே, காதைப் பெட்டிக்குக் கொடுத்தபடி நடந்தார். ஒருவரும் பேசவில்லை. செல்போன்களை அணைத்திருந்தார்கள். பருத்தி எடுத்து முடித்த காடுகளுக்கு நடுவே, புழுதியில் பிஜிலியின் நான்கு கால்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பொத் பொத்தென்று விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. மேலே மாமனார் பெட்டியை நெஞ்சோடு அணைத்து, கண்ணை மூடியிருந்தார். வலியில் மூடுகிறாரோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அப்படித் தெரியவில்லை.

இரண்டாவது கிலோமீட்டரில் பேயாண்டி கையைத் தூக்கினார். "மணி!"

எல்லோரும் நின்றார்கள். மணிச் சத்தம் மறுபடி கேட்டது. கருவேலங்காட்டுக்குள்ளிருந்து, கழுத்தில் மணி கட்டிய வெள்ளாடு ஒன்று வெளியே வந்து எங்களைப் பார்த்தது.

"அதுகிட்ட வேணா குடு பெட்டிய" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, சாமி காரியம் என்றும் பாராமல் கூட்டம் சிரித்துவிட்டது. பேயாண்டியும் சிரித்தார். சிரிப்பு அடங்கி நடக்கத் தொடங்கியதும் மாமனார் குனியாமல், உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டார்.

"மாப்ள, இது இன்னும் வெரசாப் போகுமா?"

"போகும் மாமா."

"அப்பக் குலுங்குமா?"

"குலுங்காது. வேகம் கூடக்கூட இன்னும் வழுவழுன்னு இருக்கும்."

ஓடைக்கு வந்தோம். இறக்கம், அப்புறம் கூழாங்கல், அப்புறம் ஏற்றம். ஒவ்வொரு வருடமும் கூட்டம் மூச்சைப் பிடிக்கிற இடம் இதுதான். பிஜிலி நின்று தரையை மோந்தது. கல்லைக் காலால் தடவிப் பார்த்து, ஒரு கால் உறுதியானபிறகு அடுத்த காலை வைத்தது. கயிறு பிடித்த நான் இரண்டு முறை வழுக்கினேன். அது வழுக்கவில்லை. மேலே ஏறியதும் எனக்குத்தான் மூச்சு வாங்கியது. மணி அடிக்கவில்லை.

பொழுது சாயக் கோயிலை அடைந்தோம். கோயில் என்றால் மரத்தடியில் மூன்று கல், ஒரு வேல், பொட்டல் வெளி. காளை கையை நீட்டிக்கொண்டு நின்றார். பெட்டி கொண்டுவருகிறவன் மண்ணில் நின்று கொடுக்க வேண்டும். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ஏறுவதைப் பற்றி ஒரு மாதம் யோசித்தோம். இறங்குவதைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை.

இரண்டு கையிலும் பெட்டி. விட முடியாது. குதிக்க முடியாது. தூக்கி இறக்கலாம் என்றால், முதுகில் கைபடக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. டிரெய்லரைக் கொண்டுவரலாம் என்று ஒருவர் சொல்ல, அதற்குச் சக்கரம் இருக்கிறதே என்றார் இன்னொருவர். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வந்தது. நான் ஏறிச் சோதித்தேன். அதன் ஒரு கால் மடிந்தது. மேனேஜர் எடைக்கு நாற்காலி என்ன செய்யும் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் நினைத்தார்கள். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. மாமனார் கைகள் நடுங்கத் தொடங்கின. பெட்டிக்குள் ஏதோ நகர்கிற சத்தம் எனக்குக் கேட்டது. பக்கத்தில் நின்ற பேயாண்டிக்கும் கேட்டிருக்கும். இன்னும் ஒரு நிமிடம் அவர் சும்மா நின்றால் போதும். பெட்டி தானாக வந்து சேரும்.

பேயாண்டி துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். இரண்டு கைகளையும் பின்னால் கோத்துக்கொண்டார்.

"எல்லாரும் பாத்துக்கங்க. எங் கை பின்னாடி இருக்கு. பெட்டியில பட்டுச்சு, கிட்டுச்சுன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது."

குதிரைக்குப் பக்கமாகப் போய் முழங்கால் போட்டுக் குனிந்தார். "மிதிச்சு எறங்குண்ணே."

மாமனார் கீழே பார்த்தார். "டேய், வேணாண்டா."

"ஒனக்காக இல்ல. சாமிய எம்புட்டு நேரந்தான் நிப்பாட்டி வைக்கிறது? எறங்கு."

நாங்கள் இரண்டு பேர் தொடையைத் தாங்கினோம். பெருக்குகிற இடது கால் முதலில் பேயாண்டியின் முதுகில் இறங்கியது, பிறகு வலது. பிஜிலி காதை மட்டும் எங்கள் பக்கம் திருப்பி, உடம்பை அசைக்காமல் நின்றது. "கெழவா, என்ன கனம் கனக்குற" என்று கீழேயிருந்து குரல் வந்தது. மாமனார் மண்ணில் நின்றார். காளை பெட்டியை வாங்கித் திறந்து, மணியை எடுத்து, எல்லோருக்கும் கேட்க ஆட்டினார். குலவை எழுந்தது. பேயாண்டி எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அந்த வலியை நான் அறிவேன்.

மூன்றாம் நாள் காலை திரும்ப வேண்டும். திரும்பும்போது மணி அடித்தால் குற்றமில்லை, சாமி திருப்தியாகத்தான் இருப்பார். இந்தமுறை மறக்காமல் இரண்டு உரலைக் கவிழ்த்துப் போட்டு, மாமனாரைக் குதிரையில் ஏற்றிவிட்டோம். காளை பெட்டியை நீட்டினார். மாமனார் பெட்டியைப் பார்த்தார். என் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார். எதிரே, ஓடை வரை ஒரு மேடு பள்ளமில்லாமல் கிடந்த பொட்டலைப் பார்த்தார்.

"பேயாண்டி."

"என்னண்ணே?"

"பெட்டிய நீ எடு."

"ஏன், கை வலிக்குதா?"

"இல்ல. ஒன் வீட்டுக்கே கொண்டு போ. இனி ஒன் பொறுப்பு."

பேயாண்டி சந்தேகத்தோடு என்னைப் பார்த்தார். "என்ன மாப்ள, ஆஸ்பத்திரியில ஏதும் சொன்னாகளா? எங்கிட்ட மறைக்கிறீகளா?"

"ஒண்ணும் சொல்லல மாமா. நல்லாத்தான் இருக்காரு."

"அப்பறம் எதுக்குங்கேன்? முந்தாநாளு உசுரக் குடுத்துத் தூக்கியாந்த மனுசன்."

மாமனாருக்குப் பதில் சொல்லக் கூச்சமாக இருந்தது. எழுபத்தாறு வயதில் அந்த முகத்தில் கூச்சத்தை அப்போதுதான் பார்த்தேன். "பெட்டி இருந்தா ரெண்டு கையும் போயிருது. எனக்குக் கை வேணும்டா" என்றார். என்னிடம் குனிந்து, "கயித்த விடுங்க மாப்ள" என்றார்.

டாக்டர் ஞாபகம் வந்தது. தமிழ்ச்செல்வி ஞாபகமும் வந்தது. கயிற்றைக் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். நாக்கைச் சொடுக்கினார். பிஜிலி இரண்டு எட்டு நடந்தது, அப்புறம் தன் நடைக்கு மாறியது. புழுதி கிளம்பியது. அந்தப் புழுதிக்கு மேலே, ஏறாமல் இறங்காமல், ஒரு வெள்ளை வேட்டி நேர்கோட்டில் போய்க்கொண்டிருந்தது. அதே நடை. கூட்டத்தில் வயதானவர்கள் அதைப் பார்த்துவிட்டு, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மெதுவாப் போண்ணே!" என்று கத்தினார் பேயாண்டி, பெட்டியைத் தலையில் வைத்தபடி.

நான் நடந்தே வந்து சேர்ந்தேன். வரும் வழியெல்லாம் மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். பெட்டி இருக்கிற வீட்டில் ஒரு நாள்கூட விளக்குத் தவறக்கூடாது. முப்பத்தெட்டு வருடமாக அவர் இன்னொரு வீட்டில் ராத் தங்கியதில்லை. என் கல்யாணத்துக்கு மதுரை வந்தவர்கூட கடைசிப் பஸ்ஸில் திரும்பிவிட்டார். அப்படிக் காத்த பெட்டி, ஒரு வார்த்தை கேட்காமல் போய்விட்டது.

சொன்னேன். அவர் பெட்டி இருந்த மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். விளக்கைத் துடைத்து அங்கேயே வைத்தார். "அவரு எங்க?" என்றார்.

"கம்மாய்க்கரைப் பக்கம் போனாராம். குதிரையில."

"எப்ப வருவாராம்?"

"தெரியல அத்தை."

அவர் உள்ளே போய் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். அதில் இரண்டு சேலை இருந்தது.

"அப்ப நானும் ஒங்ககூட மதுரைக்கு வாரேன். மக வீட்டுல ஒரு வாரம் இருந்துட்டுப் போறேன். வீட்டப் பூட்டுங்க, சாவிய பக்கத்து வீட்டு ராமக்காகிட்டக் குடுத்துட்டுப் போவோம்."

பூட்டைத் தேடினோம். பரண், அரிசிப்பானை, அஞ்சறைப்பெட்டி எல்லாம் பார்த்தோம். இல்லை. எப்போதும் ஒரு ஆள் இருந்த வீடு, பூட்டு என்று ஒன்று வாங்கியதே இல்லையாம். மாமியார் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தார். நான் பேரையூருக்குப் பஸ் ஏறி, ஒரு பூட்டு வாங்கி வந்தேன்.